பின்னணியில் ஓடும் புரோகிராம்

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. போன்ற மூளை அமைப்பும் பால்புதுமை (க்வியர்) அடையாளமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால், அவர் கோடிங் கற்க உட்காரும்போது என்ன நடக்கிறது? போத்தனூரில் தொடங்கி மான்செஸ்டர் வழியாக ஒரு பயணம்.

இன்ஜினீயரிங் படித்த நான்கு வருடமும் சனிக்கிழமை ஆனால் ஹாஸ்டலிலிருந்து பொள்ளாச்சிக்கு பாசஞ்சர் பிடிப்பேன். வழியில் போத்தனூர். வண்டி அங்கே நின்றால் சீக்கிரம் நகராது. பிளாட்பாரத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, பைக்குள் இருக்கும் ‘சி’ புத்தகத்தைத் திறந்து பாயின்டர் பாடத்தை ஆறாவது முறையாகப் படிப்பேன். அந்த ஊருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

1881-ல் மதராஸ் ரயில்வேயில் பொறியாளராக இருந்த எட்வர்ட் வாலர் ஸ்டோனி என்பவருக்கு இதே போத்தனூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் எதெல் சாரா. வளர்ந்து அவர் கல்யாணம் செய்துகொண்டது ஜூலியஸ் டூரிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை. மாப்பிள்ளைக்கும் சென்னை மாகாணத்தில்தான் உத்தியோகம். இவர்களுடைய இரண்டாவது மகன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குத் திரும்பிவிட, பையனும் அவனுடைய அண்ணனும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் வளர்ந்தார்கள். அந்தப் பையன்தான் ஆலன் டூரிங். இன்றைய கணினி அறிவியலின் அஸ்திவாரம் 1936-ல் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. நம் போத்தனூர்ப் பெண்ணின் பிள்ளை!

டூரிங் ஆண்களை நேசித்தவர். பழக்கவழக்கங்களில் ‘ஒரு மாதிரி’ ஆள் என்று பெயர் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியர்களின் ரகசியக் குறியீடுகளை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், மகரந்த அலர்ஜிக்காக வாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். சைக்கிள் செயின் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழன்று விழுகிறது என்று எண்ணி வைத்திருப்பார். அந்த எண்ணிக்கை வருவதற்குள் இறங்கிச் சரிசெய்துவிட்டு மறுபடி ஏறுவார். டீ கோப்பையை யாரும் எடுத்துவிடாமல் ரேடியேட்டரில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்.

அவருக்கு ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று 2003-ல் அயர்லாந்து மனநல மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இறந்துபோனவருக்கு இன்று யாரும் சான்றிதழ் எழுத முடியாது, நானும் எழுதவில்லை. ஆனால், அவர் இன்றைக்கு நம்மூர் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவராக வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மான்செஸ்டரில் ஓர் இரவு

1951. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி வந்து இறங்கியிருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதுவது எப்படி என்று ஒரு கையேட்டை எழுதினார் டூரிங். உலகின் ஆரம்பகாலப் புரோகிராமிங் பாடப்புத்தகங்களில் அதுவும் ஒன்று. படிப்பதற்கு எப்படி இருந்தது? சுத்தமாகப் புரியாது என்று பெயர் எடுத்திருந்தது!

காரணம் இதுதான். கட்டளைகளை 32 குறிகளாலான ஒரு தந்தி அச்சுக் குறியீட்டில் எழுத வேண்டும். பூஜ்யத்துக்கு ஒரு சாய்கோடு. மற்ற எண்களுக்கு எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். 32 குறிகளையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். போதாக்குறைக்கு எண்களைத் திருப்பி எழுத வேண்டும்: நூற்று இருபத்து மூன்றை 321 என்று எழுதுவதுபோல. டூரிங்குக்கு இது தாய்மொழி மாதிரி. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் அந்தக் கையேட்டை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார். கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி. ஹாரோ பள்ளியில் வாத்தியார். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே மனம் உடைந்து நொறுங்கியவர். அவரும் ஆண்களை நேசித்தவர் என்று வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். கணினியை வைத்தே அந்தக் கணினியை நடித்துக் காட்டச் சொல்லும் ஒரு புரோகிராமை எழுதேன் என்று டூரிங் அவரிடம் சொல்லியிருந்தார். சும்மா சொன்னதை ஸ்ட்ரேச்சி சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் ஆயிரம் கட்டளைகள் கொண்ட ஒரு புரோகிராமோடு மான்செஸ்டருக்கு வந்து நின்றார். அந்த இயந்திரம் அதுவரை அவ்வளவு நீளமான ஒன்றைப் பார்த்ததில்லை.

டூரிங் அறைக்குள் வந்தார். கீச்சுக் குரலில், மூச்சுவிடாமல், இயந்திரத்தை இயக்குவது எப்படி என்று மளமளவென்று சொன்னார். பிறகு கிளம்பிப் போய்விட்டார். இரவு முழுக்க ஸ்ட்ரேச்சியும் இயந்திரமும் மட்டும். எங்கே தப்பு என்று தேடித் தேடித் திருத்தி, காலையில் புரோகிராம் ஓடியது. ஓடி முடித்ததும் கணினியின் ஒலிப்பெருக்கியிலிருந்து பிரிட்டனின் தேசிய கீதம் ஒலித்தது. எல்லோரும் அசந்துபோனார்கள்.

இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. நிறுத்தி நிதானமாக விளக்கவில்லை. கற்றுக்கொள்பவர் வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்கவில்லை. ஆனால் இயந்திரத்தோடு தனியாக இருக்க ஒரு முழு இரவு கிடைத்தது. ‘உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை’ என்று அந்த இரவில் யாரும் கேட்கவில்லை.

மறுவருடம், 1952-ல், ஸ்ட்ரேச்சி அதே கணினியைக் காதல் கடிதம் எழுத வைத்தார். கொஞ்சல் சொற்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், டூரிங் யோசனையால் அந்த இயந்திரத்தில் சேர்க்கப்பட்டிருந்த ரேண்டம் எண் வசதி குலுக்கிப் போட்டு எடுக்கும். கடிதத்தின் அடியில் ‘எம்.யூ.சி.’ என்று கணினியே கையெழுத்துப் போடும். மான்செஸ்டர் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் என்பதன் சுருக்கம். எழுதியது ஆணா, பெண்ணா? அந்தக் கேள்விக்கே அதில் இடமில்லை.

அதே 1952-ல், மார்ச் 31 அன்று, இன்னோர் ஆணோடு உறவு வைத்திருந்த ‘குற்றத்துக்காக’ டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் போகிறாயா, ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்கிறாயா என்றார்கள். மருந்தை ஏற்றார். 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். 41 வயது. பிரிட்டிஷ் அரச மன்னிப்பு வந்தது 2013-ல். 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது 2021-ல்.

ஸ்ட்ரேச்சி பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் புரோகிராமிங் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். சி.பி.எல். என்ற மொழியின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு அவருக்கு. அந்த மொழியிலிருந்து பி.சி.பி.எல்., அதிலிருந்து ‘பி’, அதிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் ‘சி’. போத்தனூர் பிளாட்பாரத்தில் நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தின் கொள்ளுத்தாத்தா அவர்தான்.

நீலத் திரையும் பாலக்காட்டுப் பெண்ணும்

இப்போது என் கதை. கல்லூரியின் பெயர் வேண்டாம். கதை எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும்.

எங்கள் லேபில் டர்போ சி. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. செமிகோலன் விட்டுப்போனால் எந்த வரி என்று காட்டும். எத்தனை தடவை தப்பு செய்தாலும் அதே குரலில் அதே செய்தி. முகம் சுளிக்காது. ‘உனக்கெல்லாம் எவன்டா சீட் கொடுத்தான்’ என்று கேட்காது. ஏழு வயதிலிருந்து ‘கவனம் எங்கடா மேயுது’ என்று தலையில் குட்டு வாங்கியவனுக்கு, திட்டாமல் தப்பைக் காட்டும் ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்? மூன்று ராத்திரி தூங்காமல் ஹாஸ்டல் மெஸ் பில் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை எழுதி முடித்தேன். யாரும் கேட்கவில்லை. மார்க்கும் இல்லை.

ஆனால் லேப் ரெக்கார்டு நோட்டை ஒரு செமஸ்டரில்கூட நேரத்துக்கு முடித்ததில்லை. வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் அவுட்புட், ஒவ்வொன்றுக்கும் எய்ம், அல்காரிதம், ரிசல்ட். ஏற்கெனவே ஓடிய புரோகிராமை அழகான கையெழுத்தில் காப்பியடிப்பதற்கு என் மூளை கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிராக்டிகலில் இருபது நிமிடத்தில் புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். எக்ஸ்டர்னல் வைவாவுக்கு அழைத்தார்.

“ரெக்கார்டு எங்கே?”

“முடிக்கலைங்க சார்.”

“என் முகத்தைப் பார்த்துப் பேசு. திரையையே பார்த்துட்டு நின்னா என்ன அர்த்தம்? இது நீ எழுதினதா, பக்கத்துல பார்த்ததா?”

வாய் வரவில்லை. பார்டர் மார்க். 36 வயதில் ஒரு மருத்துவர் ‘ஏ.டி.எச்.டி.’ என்று எழுதிக்கொடுத்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த ரெக்கார்டு நோட்டின் பழுப்பு அட்டைதான்.

இது ஒரு பாதி. மறுபாதி ஹாஸ்டலில். “மச்சான், உன் ஆளு யாருடா?” என்ற கேள்வி தினமும் வரும். நான் பாலக்காட்டில் ஒரு பெண்ணை உருவாக்கினேன். அவளுக்கு ஒரு பெயர், ஒரு படிப்பு, கண்டிப்பான ஓர் அப்பா. திங்கட்கிழமை சொன்னதும் வியாழக்கிழமை சொன்னதும் முரண்படக் கூடாது. யார் யாரிடம் என்ன சொன்னேன் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். யாரைப் பார்க்கிறேன், எவ்வளவு நேரம் பார்க்கிறேன், கை எப்படி அசைகிறது என்று என்னையே நான் கண்காணித்தேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதைத்தான். புரோகிராமிங் என்பது ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனதில் பிடித்து வைத்திருக்கும் வேலை. இந்த வேரியபிளில் இப்போது என்ன மதிப்பு, அந்த ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும், லூப் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது... எல்லாம் தலைக்குள் நிற்க வேண்டும். இப்படிப் பிடித்து வைத்திருக்கும் இடத்தை உளவியலில் ‘வொர்க்கிங் மெமரி’ என்கிறார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு அந்த இடமே குறுகல். அதற்குள் ஒரு பொய்யும் பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால்? மறைப்பது என்பது பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம். திரையில் தெரியாது. மெமரியைத் தின்றுகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ‘பையன் ஸ்லோ’ என்று மட்டும் தெரியும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது இரட்டை வேஷம். கண்ணைப் பார்க்கப் பழகுவது, கையை ஆட்டாமல் அடக்குவது, ஜோக் புரியாமலே சிரிப்பது என்று ஒன்று. ஆணாக, பெண்ணாக ஊர் எதிர்பார்க்கிற மாதிரி நடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது.

ஏன் இரண்டும் ஒன்றாக?

‘அது வேற பிரச்சினை, இது வேற பிரச்சினை, ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்பறீங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. குழப்பவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது. 2020-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களை அலசி ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களிடம் ஆட்டிசம் இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது.

ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஊர் வகுத்த நடைமுறையை ‘எல்லாரும் செய்றாங்க, நானும் செய்றேன்’ என்று ஏற்றுக்கொள்ளாத மனசு, தன் பாலினத்தைப் பற்றியும் தனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்லிவிடுகிறதோ என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள மாணவர் தன்னைத் திருநங்கை என்றோ திருநம்பி என்றோ சொன்னால், ‘அது உன் ஆட்டிசம் பேசுது’ என்று பெற்றோரும் சில மருத்துவர்களும் தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டாம். அவருக்குத் தன்னைத் தெரியும்.

பழைய பெயரில் கிடக்கும் உழைப்பு

லின் கான்வே 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அதிவேகக் கணினித் திட்டம் ஒன்றில் வேலை செய்தார். கட்டளைகளை வந்த வரிசையில் வரிசையாகச் செய்யாமல், எது தயாரோ அதை முதலில் முடிக்கும் ஒரு முறையை வடிவமைத்தார். ஓட்டல் சர்வர் செய்வதுதான். நெய் ரோஸ்ட் முறுகும்வரை காத்திருக்காமல் பக்கத்து மேசைக்கு இட்லியை வைத்துவிட்டு வருவார் இல்லையா? அந்த மாதிரி உத்திகள் இன்றைய வேகமான பிராசஸர்களில் எல்லாம் உண்டு.

1968-ல், தான் பெண்ணாக மாறப்போவதாகச் சொன்னார். வேலையிலிருந்து நீக்கினார்கள். அப்போது வயது 30. புதுப் பெயரோடு, பழைய அனுபவத்தில் ஒரு வரியைக்கூட வெளியில் சொல்ல முடியாமல், ஒப்பந்தப் புரோகிராமராக அடிமட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். 1973-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் சேர்ந்தார். கார்வர் மீடுடன் சேர்ந்து அவர் எழுதிய சிப் வடிவமைப்புப் பாடநூல் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு அந்தத் துறையின் கதவைத் திறந்துவிட்டது. தன் பழைய கதையை அவர் வெளியில் சொன்னது 1990-களின் இறுதியில்தான். ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டது 2020-ல். 52 வருடம்! 2024 ஜூனில், 86 வயதில் காலமானார்.

கான்வேயின் சிக்கல் இன்று நம் ஊர்த் திருநங்கை மாணவிகளுக்கும் அப்படியே இருக்கிறது, உருவம்தான் வேறு. வேலைக்கு விண்ணப்பித்தால் ‘உங்கள் கிட்ஹப் லிங்க் கொடுங்கள்’ என்கிறார்கள். ‘கிட்’டில் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் பெயரும் மெயில் முகவரியும் பதிந்துவிடும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அழியாமல் நிற்பதுதான் அதன் பெருமையே. பெயரை மாற்றிக்கொண்டவருக்கு அந்தப் பெருமையே முள். மூன்று வருட உழைப்பு வேண்டாத ஒரு பெயரில் வரிக்கு வரி கிடக்கிறது. காட்டினால் அந்தரங்கம் போகும். காட்டாவிட்டால் அனுபவம் போகும்.

‘மெயில்மேப்’ என்று ஒரு சின்னக் கோப்பைச் சேர்த்தால் பழைய பெயர் வரவேண்டிய இடத்தில் புதிய பெயர் காட்டும். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் பழைய அடையாளம் அதிலேயே இருக்கும். கோடிங் கற்கத் தொடங்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் என் யோசனை: முதல் நாளிலிருந்தே உங்கள் இஷ்டப்படி ஒரு பெயரில், அதற்கென்று தனி மெயிலில் கணக்குத் தொடங்குங்கள். சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ‘கிட்’ கேட்பதில்லை.

கேட்பது கல்லூரி அலுவலகம்தான். 2019-ல் வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ள வழி செய்தது. அந்த வழியில் எத்தனை மேசை, எத்தனை கவுன்ட்டர் என்பது நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தைவானின் ஆட்ரி டாங் 14 வயதில் பள்ளியை விட்டு வெளியேறி, தானாகவே கற்றுப் புரோகிராமர் ஆனவர். ‘பெர்ல்’ மொழிச் சமூகத்தில் பெயர் பெற்ற பிறகு, 2005-ல் தன் பாலின மாற்றத்தை அறிவித்தார். 2016-ல் அமைச்சரானபோது படிவத்தில் பாலினம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். சோஃபி வில்சன் கேம்பிரிட்ஜில் படித்த திருநங்கை. 1980-களில் ஸ்டீவ் ஃபர்பருடன் சேர்ந்து ‘ஆர்ம்’ பிராசஸரை உருவாக்கியவர். அதன் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தது அவர்தான். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் கைப்பேசி அநேகமாக அந்தக் குடும்பத்துச் சிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘மேதை’ என்ற பொறி

இந்தப் பெயர்களை எல்லாம் அடுக்கும்போது எனக்கே ஒரு பயம் வருகிறது. ‘ஆட்டிசமா? அப்போ கம்ப்யூட்டர்ல புலியா இருப்பானே!’ என்று ஆறுதல் சொல்லும் உறவினர்கள் நம் வீடுகளில் உண்டு. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பையன் கழுத்தில் போடும் கல். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கணினியில் ஆர்வமே இருக்காது. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு வேரியபிள் பெயர்களைப் பிரித்துப் பார்ப்பதே போராட்டம். ஏ.டி.எச்.டி. உள்ளவர் ஒரே ராத்திரியில் பாதி புராஜெக்டை முடித்துவிட்டு, மீதிப் பாதியை மூன்று மாதம் தொடாமல் வைத்திருப்பார்.

டூரிங் மேதை என்பதால்தான் அவருடைய விசித்திரங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்த மேதைமைகூட 1952-ல் அவரைக் காப்பாற்றவில்லை. சுமாரான புரோகிராமராக, மாதச் சம்பளம் வாங்கி, சாயந்திரம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற உரிமை வேண்டும். அதற்கு மேதையாக இருக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

வேலைக்கு ஆள் எடுக்கும் முறையை மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கின் தோர்கில் சோன், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு 2004-ல் ‘ஸ்பெஷலிஸ்டெர்னே’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ளவர்களை சாஃப்ட்வேர் டெஸ்டிங் போன்ற வேலைகளுக்கு எடுப்பதுதான் அதன் தொழில். அவரோடு கைகோத்து 2013-ல் எஸ்.ஏ.பி. நிறுவனம் பெரிய அளவில் அறிவித்த திட்டத்தின் முன்னோட்டங்களில் ஒன்று நம் பெங்களூரில் நடந்தது. வாய்ப்பேச்சு நேர்காணலைக் குறைத்துவிட்டு, கையில் வேலையைக் கொடுத்துப் பார்ப்பது இப்படிப்பட்ட திட்டங்களின் உத்தி.

நம் கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில் குரூப் டிஸ்கஷன் என்று ஒரு சடங்கு இருக்கிறதே... பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவதற்கும் ஜாவாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

நீதிபதி கற்ற பாடம்

சட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? டூரிங்கின் அப்பா அதிகாரியாக இருந்த அதே ஆங்கிலேய ஆட்சி 1860-ல் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, தன்பாலின உறவை இங்கே குற்றமாக்கியது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967-ல் தளர்த்திக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் இசைவோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-ல் நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு, மாணவரைப் போல உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவில், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளுக்குத் தடை போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, ‘பால்புதுமையர்’ உள்ளிட்ட மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது.

உயர் நீதிமன்ற நீதிபதியே ‘எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்’ என்று உட்கார்ந்தார் என்றால், ஒரு கல்லூரியின் ஹெச்.ஓ.டி. உட்காரக் கூடாதா? ஹாஸ்டல் வார்டன்?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். லேபில் ஆரம்பிக்கலாம்.

ஓடிய புரோகிராமுக்கு மார்க் கொடுங்கள். ரெக்கார்டை டைப் செய்து தர அனுமதியுங்கள். வைவாவை எழுத்திலும் சொல்லலாம் என்று ஒரு வரி சேருங்கள். அசைன்மென்ட்டை மொத்தமாகக் கொடுத்து மாதக் கடைசியில் கேட்பதைவிட, நான்கு துண்டாக்கி வாரம் ஒன்று கேட்டால் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை தப்பிக்கும். மற்ற பிள்ளைகளுக்கும் நல்லதுதான். லேப் மூடிய பிறகும் ஓர் அமைதியான அறையைத் திறந்து வையுங்கள். ஸ்ட்ரேச்சிக்குக் கிடைத்த அந்த ஓர் இரவு எல்லோருக்கும் வேண்டும். வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், மாணவர் எந்தப் பெயரில் கூப்பிடச் சொல்கிறாரோ அந்தப் பெயரில் கூப்பிடுங்கள்.

கற்கிறவர்களுக்கும் சில வார்த்தை. ஆளிடம் சந்தேகம் கேட்க வாய் வரவில்லையா? ஒரு ரப்பர் பொம்மையை மேசையில் வைத்து, உங்கள் கோடை அதற்கு வரிவரியாக விளக்குங்கள். புரோகிராமர்கள் உலகெங்கும் செய்யும் பழைய வித்தை இது. பாதி விளக்கும்போதே தப்பு தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்தால் வேலை ஓடவில்லையா? பேசாமல் பக்கத்தில் தன் வேலையைப் பார்க்கும் ஒரு தோழரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் ‘கணியம்’ போன்ற இடங்களில் தமிழிலேயே இலவசப் பாடங்கள் இருக்கின்றன. அடையாளம் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் சென்னையில் ‘ஓரினம்’ போன்ற குழுக்கள் இருக்கின்றன. எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சொல்லாமல் இருப்பது கோழைத்தனமும் கிடையாது. எப்போது, யாரிடம் என்பது உங்கள் முடிவு. ஆனால் ஒரே ஒருவரிடமாவது பொய் சொல்லத் தேவையில்லாத நிலை இருந்தால், தலைக்குள் எவ்வளவு இடம் காலியாகிறது என்று அன்று இரவே தெரியும். எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வருடக் கடைசியில் என் ரூம்மேட்டிடம் பாலக்காட்டுப் பெண் கிடையாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

“சரி விடு. நாளைக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் மாடல் எக்ஸாம் இருக்குடா. லிங்க்டு லிஸ்ட் சொல்லிக்கொடு.”

அன்று இரவு இரண்டு மணி வரை சொல்லிக்கொடுத்தேன். பாயின்டர் எனக்கே அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

இந்த செமஸ்டர் பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னலாகப் போகப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எதிரில் நிற்கும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்காமல் நிற்கலாம். பதில் வர நேரமாகலாம். அந்தப் பிள்ளையின் உடையும் குரலும் பதிவேட்டில் இருக்கும் பெயரோடு பொருந்தாமல் இருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள். புரோகிராம் ஓடுகிறதா? ஓடினால் மார்க் போடுங்கள்.